கலகக்காரர் யார்?

1936-ம் வருஷம் ஜூலை 17-ந் தேதி, ஸ்பெயினின் வசமிருந்த மொராக்கோப் பகுதியில் ராணுவத் தளகர்த்தர் சிலர், அவ்வருஷம் பிப்ரவரித் தேர்தலில் ஜனங்களின் வாக்கைப் பெற்று அமைந்த சர்க்காருக்கு விரோதமாக ஆயுதமெடுத்தனர். இதற்கு எந்த பாஷையிலும் கலகம் என்றே பெயர். ஆனால் ஜெனரல் பிராங்கோவும் அவர் சகாக்களும் தம் செய்கையைத் ‘தேசிய எழுச்சி’ என்றனர். தம்மைத் ‘தேசியக் கட்சியார்’ என்றனர். சர்க்கார் பக்கம் நின்றவர் மிதவாதியாயினும், பாஸ்குப் பிரதேசத்துக் கத்தோலிக்கராயினும், பொதுவுடைமைவாதியாயினும் அனைவருக்கும் ‘சிவப்பர்’ என்ற ஒரே முத்திரைதான். தேசியம் என்ற சொல்லைத் தலைமேல் வைத்துப் போற்றும் நேயர்கள், அச்சொல் அங்கே யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெயர் சூட்டுவதோடு நின்றிருந்தால் அது வெறும் பிரசாரமாய்ப் போயிருக்கும். நீதி ஸ்தலத்துக்குள் அது புகுந்ததே விபரீதம். பிராங்கோவின் ராணுவ நீதிமன்றங்கள், சட்டப்படி அமைந்த சர்க்காருக்கு அடங்கி நடந்தவர்களை ‘ராணுவக் கலகம்’, ‘கலகத்துக்கு உடந்தை’ என்ற குற்றங்களுக்காக விசாரித்துத் தண்டித்தன. கலகம் செய்தவன் நீதிபதி, செய்யாதவன் கலகக்காரன்! பிராங்கோவின் மைத்துனரும் மந்திரியுமாயிருந்த ஸெரானோ ஸுனியெரே பிற்காலத்தில் இதைத் தலைகீழான நீதி என்று ஒப்புக்கொண்டார்.

காடலோனியாவின் தலைவர் லூயிஸ் கம்பனிஸின் கதை ஒன்றே போதும். 1934-ல் அவர் மெய்யாகவே மத்திய சர்க்காரை எதிர்த்துக் கிளம்பினார். அதற்கு 30 வருஷச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1936 தேர்தலுக்குப் பின் விடுதலையும் கிடைத்தது. யுத்தம் மூண்டபோது குடியரசின் பக்கமே நின்றார். பிரான்ஸில் அடைக்கலம் புகுந்த அவரை ஜெர்மானியர் பிடித்து ஒப்படைத்தனர். 1940 அக்டோபர் 15-ந் தேதி பார்ஸலோனாவின் மான்ஜுயிக் கோட்டையில், கலகக் குற்றத்துக்காக அவரைச் சுட்டுக் கொன்றனர். கலகம் செய்தபோது சிறை, செய்யாதபோது மரணம்.

யுத்தகளத்துச் சொற்களும் இவ்விதமே. முஸோலினி அனுப்பிய இத்தாலியச் சேனைக்குத் ‘தொண்டர் படை’ என்று பெயர். லண்டனில் கூடிய ‘தலையிடாமைக் கமிட்டி’யில், தலையிட்டுக் கொண்டிருந்த ஜெர்மனி, இத்தாலி, ருஷ்யா மூன்றும் அங்கத்தினர்கள்! பிஷப்புகள் இதைச் ‘சிலுவை யுத்தம்’ என்று ஆசீர்வதித்தனர். அச்சிலுவை யுத்தத்தின் முன்னணியில் மொராக்கோ முஸ்லிம் சிப்பாய்கள் போரிட்டார்கள். 1937 ஏப்ரல் 26-ல் ஜெர்மன் விமானங்கள் குவெர்னிகா நகரைக் குண்டு வீசி எரித்தன. சிவப்பர்களே கொளுத்தினார்கள் என்றது பிராங்கோவின் தலைமைக் காரியாலயம். ‘ருஷ்ய ஸாலட்’ என்ற சாப்பாட்டுப் பதார்த்தத்தைக்கூட அவர்கள் விடவில்லை. அதுவும் ‘தேசிய ஸாலட்’ ஆயிற்று.

குடியரசின் பக்கத்தார் மட்டும் குற்றமற்றவரல்லர். இரவில் ஒருவனை வீட்டிலிருந்து இழுத்துச் சென்று கொல்வதற்கு ‘உலாவப் போதல்’ என்று இரு தரப்பிலும் பெயர் வழங்கிற்று. மாட்ரிட்டை நோக்கி நான்கு படைகள் வருகின்றன, நகருக்குள்ளேயே ஐந்தாவது ஒன்று இருக்கிறது என்று ஜெனரல் மோலா சொன்னதாக 1936 இலையுதிர்காலத்தில் ஒரு வார்த்தை பரவிற்று. அவர் வாய்ச்சொல்லோ அல்லவோ, அதைப் பரப்பியவை மாட்ரிட் பத்திரிகைகளே. அன்று முதல் அண்டை வீட்டான், ஜபமாலை வைத்திருந்தவன், பழைய ராணுவ உத்தியோகஸ்தன் எல்லோரும் ஐந்தாம் படை. நவம்பரில் மாட்ரிட் சிறைகளிலிருந்த கைதிகளை வேறு ஊர்ச் சிறைக்கு ‘மாற்றுவதாக’ உத்தரவு பிறந்தது. பராகுயெல்லோஸ் கிராமத்தருகே ஆயிரக்கணக்கானோர் சுட்டுப் புதைக்கப்பட்டனர். ஒரு சொல் சந்தேகத்தை மூட்டிற்று. மற்றொரு சொல் கொலையை மறைத்தது. அந்த ‘ஐந்தாம் படை’ கடல் கடந்து வந்து நம் தமிழிலும் குடியேறிவிட்டது. பிடிக்காதவன் மேல் அதை வீசுவோர் அது எங்கே பிறந்ததென்று அறிவாரோ, அறியோம்.

யுத்தம் 1939 ஏப்ரல் 1-ந் தேதி முடிந்தது. அதன் சொற்கள் முடியவில்லை. கம்பனிஸ் மாண்டு 82 வருஷங்களுக்குப் பின், 2022 அக்டோபரில் அமுலுக்கு வந்த சட்டமொன்றின் மூலம் ஸ்பெயின் தேசம் பிராங்கோ நீதிமன்றங்களின் அரசியல் தண்டனைகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. கலகக்காரன் என்று தீர்ப்பெழுதப்பட்டு மாண்டவர்களின் பேரப் பிள்ளைகள், அச்சொல்லை நீக்கும் அத்தாட்சிப் பத்திரத்துக்கு இப்போது விண்ணப்பிக்கலாம்.