அதிர்வை எண்ணினால் ஜீப்பின் நோய் தெரியும்

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோயில் பக்கமோ, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புப் பக்கமோ போனால், மாந்தோப்பும் தென்னந்தோப்பும் மலையடிவாரம் வரை விரிந்து கிடக்கும். தார்ச் சாலையை விட்டு இறங்கியதும் உருண்டைக் கல், மணல், ஓடை. நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய மஹிந்திரா ஜீப்புக்கு அடிவாரத்தில் மவுசு குறையாததற்கு இந்தப் பாதைகள்தான் காரணம்.

அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை 1940-களின் கடைசியில் இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது மஹிந்திரா. 1980-களில் பெஜோ வடிவமைப்பு டீசல் எஞ்சினோடு எம்எம் 540 வந்தது. எஞ்சின்தான் மாறியதே தவிர, அதன் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு பெரும்பாலும் பழையபடியே நீடித்தது. கிளட்ச், கியர் பாக்ஸ், அதை ஒட்டி டிரான்ஸ்ஃபர் கேஸ், அதிலிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், இரண்டு அச்சிலும் ஒவ்வொரு டிஃபரன்ஷியல். இத்தனை கியரும் பேரிங்கும் முப்பது, நாற்பது வருடம் ஓடினால் எங்கேயாவது சத்தம் வரத்தான் செய்யும்.

சத்தம் வந்ததும் பட்டறையில் பெரும்பாலும் கேட்கிற பேச்சு, “கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்துரலாம்ணே” என்பதுதான். இறக்குவது கடைசி வேலையாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கழற்றிய பிறகு எந்தப் பாகம் அதிர்ந்தது என்று பார்க்க முடியாது. ஓடுகிற வண்டியில் மட்டுமே அந்தச் சாட்சி உயிரோடு இருக்கிறது. அதை விசாரிக்கத் தேவையான கணக்கோ பெருக்கலும் வகுத்தலும்தான்.

பழைய ஜீப்பின் 16 அங்குல ரிம்மில் ஏற்றிய டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் உருளும். மணிக்கு 40 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 11 மீட்டர். அப்படியானால் சக்கரம் நொடிக்கு 5 சுற்று சுற்றுகிறது. டிஃபரன்ஷியலில் கிரவுன்-பினியன் விகிதம் ஏறத்தாழ 5 என்று வைத்துக்கொண்டால், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 25 சுற்று. ஷாஃப்டின் முனையில் இருக்கிற கிராஸ் ஜாயிண்ட், சாய்ந்த கோணத்தில் சுழலும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை குலுக்கும். அது நொடிக்கு 50. ஆக, ஒரே வேகத்தில் 5, 25, 50 என்று மூன்று எண்கள் கிடைக்கின்றன. ஐந்தென்றால் டயர், ரிம், பிரேக் டிரம் பக்கம் பாருங்கள். ஸ்டியரிங்கும் சீட்டும் ஆடும் மெதுவான ஆட்டம் அது. இருபத்தைந்தென்றால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அல்லது அதன் எடை ஒரு பக்கம் கூடியிருக்கிறது. கால் வைக்கிற தகட்டில் கிர்ரென்று தெரியும். ஐம்பதென்றால் ஜாயிண்ட் கோணம். அது ஆட்டமாகக்கூடத் தோன்றாது, காதை அடைக்கிற தாழ்ந்த முனகலாகவே கேட்கும்.

அனுபவமுள்ள மெக்கானிக் இதை உள்ளங்காலிலேயே உணர்ந்துவிடுவார். மற்றவர்களுக்குக் கைபேசி போதும். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியைத் தருகிறது. கைபேசிக்குள் இருக்கிற முடுக்கமானியைக் கொண்டு அதிர்வை அளந்து, நொடிக்கு எத்தனை என்று வரைபடமாகவே காட்டும். சில கைபேசிகள் நொடிக்கு 100 முறைதான் அளக்கும். அவற்றால் 50-ஐச் சரியாகப் பிடிக்க முடியாது என்பதால் 30 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. அப்போது எண்கள் சுமார் 4, 19, 38 என்று இறங்கும். கைபேசியைத் தரைத் தகட்டில் அசையாமல் ஒட்டி, பக்கத்தில் இருப்பவர் பார்க்க வேண்டும். ஓட்டுகிறவர் பார்க்கவே கூடாது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் ஓடும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அதிகாலையில் கொஞ்ச தூரம் ஓட்டினால் போதும்.

இதே ஓட்டத்தில் இன்னொன்றையும் பார்த்துவிடலாம். வேகத்தை மாற்றாமல் நாலாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு வாருங்கள். அதிர்வின் எண் அப்படியே இருந்தால் கோளாறு கியர் பாக்ஸுக்குப் பின்னால். எஞ்சினோடு சேர்ந்து எண்ணும் ஏறினால் முன்னால். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் அடங்கினால் கிரவுன்-பினியனின் இழுக்கிற பக்கத்துப் பல் தேய்ந்திருக்கலாம். வளைவில் மட்டும் உறுமினால் சக்கர பேரிங்.

கிராஸ் ஜாயிண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டறையில் அதிகம் தவறாகக் கையாளப்படுவது அதுதான். 17-ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் ஆராய்ந்த இணைப்பு அது. ஒரு முனை சீராகச் சுற்றினாலும், கோணம் இருந்தால் மறுமுனை சீராகச் சுற்றாது. கோணம் 10 டிகிரி என்றால் வேகம் ஒன்றரை சதவீதம் கூடிக் குறையும். 20 டிகிரி என்றால் ஆறு சதவீதம். மாங்காய் மூட்டை ஏற்றுவதற்காகப் பின்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டு வண்டியைத் தூக்கியவர்களுக்கு முனகல் தொடங்குவது இதனால்தான். ஷாஃப்டின் இரு முனையிலும் ஜாயிண்ட் இருப்பதற்குக் காரணமே, முதல் ஜாயிண்ட் கெடுப்பதை இரண்டாவது சரிக்கட்டும் என்பதுதான். அதற்கு இரண்டு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். நடுவில் நீண்டு சுருங்குகிற ஸ்ப்ளைனைப் பிரித்து, ஒரு பல் தள்ளி மாட்டினாலே அந்தச் சரிக்கட்டல் கெடும். கால் சுற்றுத் தள்ளி மாட்டினாலோ இரண்டு ஜாயிண்டின் குலுக்கலும் ஒன்றோடொன்று கூடிவிடும். புது கிராஸ் போட்ட பிறகு அதிர்வு அதிகமானால் பொருளைக் குறை சொல்லுமுன் இதைப் பாருங்கள்.

ஃபோர் வீல் லிவரைப் போட்டபடி தார்ச் சாலையில் ஓட்டுவது இன்னொரு கேடு. இந்த ஜீப்புகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். ஆனால் அச்சுகளுக்கு இடையே 2.3 மீட்டர் உள்ள வண்டி, பின் அச்சு 5 மீட்டர் ஆரத்தில் வர ஒரு முழு வட்டம் அடித்தால், முன் சக்கரங்கள் 3 மீட்டருக்கு மேல் கூடுதலாக உருள வேண்டும். மணலில் டயர் வழுக்கி அதைச் சமாளிக்கும். தாரில் வழுக்காது. அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் கியரிலும் ஏறுகிறது. லிவர் திரும்ப வராமல் இறுகுவது அந்த முறுக்கின் அடையாளம். கொஞ்சம் பின்னால் எடுத்தால் விடும்.

ஓடை கடப்பவர்கள் கவனிக்க வேண்டியது அச்சுக் கூட்டின் மூச்சுக்குழாய். ஓடி ஓடி 80 டிகிரிக்குச் சூடான கூடு, 30 டிகிரித் தண்ணீரில் திடீரென இறங்கினால் உள்ளே இருக்கிற காற்றின் அழுத்தம் 14 சதவீதம் வரை குறையும். ஒன்றரை மீட்டர் உயரத் தண்ணீரை இழுக்கப் போதுமான உறிஞ்சல் அது. மூச்சுக்குழாய் மண்ணடைத்திருந்தால் ஆயில் சீல் வழியே தண்ணீர் உள்ளே போகும். வடிகால் போல்ட்டைத் திறந்து கொஞ்சம் ஆயிலை விரலில் எடுத்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறமென்றால் தண்ணீர். சாம்பல் நிறக் களிம்பு பயப்படத் தேவையில்லாத தேய்மானம். விரலில் குத்தும் சிம்பு என்றால் பல் உடைகிறது. கியர் பாக்ஸ் ஆயிலில் பொன்னிற மினுக்கு இருந்தால் பித்தளை சிங்க்ரோ வளையம் கரைகிறது. டிஃபரன்ஷியலுக்கான ஜிஎல்-5 ஆயிலை அதில் ஊற்றினால் அதன் கந்தகச் சேர்க்கை பித்தளையை அரிக்கக்கூடும்.

ஆயில் ஒழுகுகிற வண்டியை அடிவாரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் ஆன காடு அது. அங்கிருந்து இறங்கும் அய்யனார் கோயில் ஆற்றுத் தண்ணீரையும் ராஜபாளையம் குடிக்கிறது.

எண்களைப் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால், முன் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்; கோளாறு எந்தப் பக்கம் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பின் ஷாஃப்டைக் கழற்றுவதானால் சக்கரங்களுக்கு முதலில் கட்டை வையுங்கள். பழைய வில்லிஸ் வகை வண்டிகளில் ஹேண்ட் பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருப்பதால், ஷாஃப்ட் போனதும் அதுவும் போய்விடும். எந்த ஷாஃப்டைப் பிரித்தாலும், பிரிப்பதற்கு முன் ஸ்ப்ளைனின் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் ஒரு பஞ்ச் அடையாளம் போட்டுவிடச் சொல்லுங்கள்.