உங்களுக்குத் தெரியுமா? ஒரே ஆண்டில் இரண்டு நோன்புப் பெருநாள்!

2000-ஆம் ஆண்டில் நோன்புப் பெருநாள் இரண்டு முறை வந்தது. ஜனவரித் தொடக்கத்தில் ஒன்று, டிசம்பர் கடைசியில் இன்னொன்று. 2033-லும் அப்படித்தான் வரப்போகிறது.

காரணம் நிலா. இஸ்லாமியர்களின் ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்கள்தான். யுகாதி கொண்டாடும் தெலுங்கர்களின் ஆண்டும் சந்திரக் கணக்குதான். ஆனால் அவர்கள் அவ்வப்போது ஓர் அதிக மாதம் சேர்த்துச் சூரியனோடு ஈடுகட்டிவிடுவார்கள். இஸ்லாத்தில் அந்த வழக்கம் இல்லை. அதனால் பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடுகிறது. கத்திரி வெயிலில் நாக்கு வறள நோன்பிருந்தவரே பின்னொரு காலத்தில் மார்கழிப் பனியிலும் நோன்பிருப்பார்.

நோன்பு 29-ஆம் நாள் மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் 30-ஐ நிறைவு செய்ய வேண்டும். புதுத்துணி தைக்கக் கொடுத்தவர்கள் அந்த ஒரு மாலை படும் பாடு தனி!

‘ஈகைத் திருநாள்’ என்பது இந்தப் பெருநாளுக்கு வெறும் அலங்காரப் பெயர் அல்ல. பெருநாள் தொழுகைக்கு முன்பே ஏழைகளுக்கு ‘ஃபித்ரா’ கொடுத்துவிட வேண்டும். தமிழகத்தில் ஆளுக்குச் சுமார் இரண்டரைக் கிலோ அரிசி என்பது பரவலான கணக்கு. வசதியுள்ள வீட்டில், தொட்டில் குழந்தைக்கும் சேர்த்தே அளக்கிறார்கள்.