தோட்டத்து இரும்பைப் படிப்பது எப்படி?

நீலகிரியில் பழைய எஸ்டேட் பங்களாவையோ லைன் வீட்டையோ ஒட்டி அஸ்திவாரம் தோண்டினால் ஏதாவது இரும்பு மண்வெட்டியில் தட்டத்தான் செய்யும். பல் உடைந்த சக்கரம், துளை போட்ட தகடு, எதற்கென்றே புரியாத ஒரு வளைந்த துண்டு. அனேகமாக அன்று மாலையே அது பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறிவிடும். அதற்கு முன் கொஞ்சம் நின்று பார்த்தால், இன்று தேயிலை நிற்கும் மண்ணில் முன்பு என்ன விளைந்தது என்பதைக்கூட அந்தத் துண்டிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

வடிவத்தைப் பார்த்துத் தொடங்கினால் குழம்பிப்போவோம். சக்கரமும் தண்டும் எல்லா இயந்திரத்திலும் உண்டு. பயிர் வந்து படும் இடத்தில் என்ன உலோகம் இருந்தது என்பதுதான் முதல் கேள்வி.

மெல்லிய செம்புத் தகடு ஒன்று பச்சைக் களிம்பேறிக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் வரிசை வரிசையாகப் புடைப்புகள், மறுபக்கம் அதே இடங்களில் குழிகள், ஓரத்தில் ஆணித் துளைகள். பார்ப்பவர்கள் பெரிய தேங்காய்த் துருவி என்று நினைக்கக்கூடும். உண்மையில் அது காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பரின் தகடு. ஒரு உருளையின் மேல் இதைச் சுற்றி ஆணி அடித்திருப்பார்கள். உருளைக்கு எதிரே அசையாத ஒரு கட்டை. இரண்டுக்கும் நடுவே தோல் நுழையும், கொட்டை நுழையாத இடைவெளி. உருளை சுழலும்போது புடைப்புகள் தோலைப் பற்றி அந்த இடுக்கு வழியே இழுத்துப் போகும். வழவழப்பான கொட்டை பிதுங்கி இந்தப் பக்கமே விழுந்துவிடும். செம்பு மென்மையானது என்பதால் புடைப்பு எடுப்பது எளிது. பழச்சாற்றின் புளிப்பில் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. புடைப்பு மழுங்கினால் தகட்டை மட்டும் கழற்றி வேறு மாட்டலாம்.

தேயிலை பெருகுவதற்கு முன்பே நீலகிரிச் சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1869-இல் இலங்கையில் அடையாளம் காணப்பட்ட இலைத் துரு நோய் தென்னிந்தியத் தோட்டங்களையும் தாக்கியது. தண்டு துளைப்பானும் சேர்ந்துகொள்ள, காப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலைக்கு மாறிய தோட்டங்கள் பல. ஆகவே சுற்றிலும் தேயிலை மட்டுமே உள்ள ஒரு மேட்டில் இந்தச் செம்புத் தகடு கிடைத்தால், அங்கே முன்பு காப்பி இருந்தது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். கூடலூர்ப் பக்கமும் தாழ்ந்த சரிவுகளிலும் அப்படித் துணிய வேண்டாம். அங்கே இன்றும் காப்பி விளைகிறது, தகடு நேற்றுக் கழற்றிப் போட்டதாகக்கூட இருக்கலாம்.

இனி பித்தளை. பிறை போல வளைந்த ஒரு கட்டி, அடிப்பக்கம் தட்டையாகத் திருகுத் துளைகளோடு, மேற்பக்கம் உருண்டு தேய்ந்து வழவழவென்று இருந்தால், அது தேயிலை ரோலரின் மேசையில் பதித்திருந்த வரம்பு. கொழுந்தைக் கையால் உருட்டிய காலம் ஒன்று இருந்தது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் ஜாக்சன் 1870-களில் அசாமில் உருட்டும் இயந்திரத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரில் இருந்த மார்ஷல் கம்பெனி அவர் வடிவமைத்த இயந்திரங்களைச் செய்து அனுப்பியது. அடிப்பக்கம் திறந்த ஒரு பீப்பாயில் வாடிய கொழுந்தை நிரப்பி, மேலே மூடியால் அழுத்தி, மேசைமேல் வட்டமாகச் சுழற்றும் அமைப்பு அது. வரம்புகளில் உராய்ந்து இலை முறுக்கிக்கொள்ளும், சாறு கசியும். தேயிலைச் சாறு வெறும் இரும்பில் பட்டால் மை போலக் கறுக்கும். சாறு படும் இடங்களில் பித்தளை வைத்தது அதனால்தான்.

துருப்பிடிக்காத எஃகு உருளையில் அங்குலத்துக்கு 8 அல்லது 10 என்று சாய்வாகப் பல் வெட்டியிருந்தால் அது கொழுந்தை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. ரோலர். 1930-களில் அசாமில் பிறந்த முறை. இன்று நீலகிரித் தேயிலையில் பெரும்பகுதி அதில்தான் அரைபடுகிறது. பார்க்க விசித்திரமாக இருந்தாலும் அது பழம்பொருள் இல்லை.

செம்போ பித்தளையோ இல்லாத வெறும் இரும்பு என்றால் எழுத்தைத் தேட வேண்டும். வார்ப்பிரும்பில் கம்பெனிப் பெயரைப் புடைத்த எழுத்தாகவே வார்த்திருப்பார்கள். கெயின்ஸ்பரோ என்றால் மார்ஷல். பெல்ஃபாஸ்ட் அல்லது சிரோக்கோ என்றால் டேவிட்சன் கம்பெனி. இளம் வயதில் அசாமின் கச்சார் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த சாமுவேல் டேவிட்சன், ஊர் திரும்பி, 1881-இல் தேயிலை உலர்த்தும் இயந்திரங்களுக்காகத் தொடங்கியது அது. ஆயில் இன்ஜின் துண்டுகளில் பெயரே காலத்தைக் காட்டிக்கொடுக்கும். ரஸ்டன் பிராக்டர், ஹார்ன்ஸ்பி என்று தனித்தனியாக இருந்தால் 1918-க்கு முந்தியது. அந்த ஆண்டு இரண்டும் இணைந்தபின் ‘ரஸ்டன் அண்ட் ஹார்ன்ஸ்பி’ ஆனது. மரையையும் பார்க்கலாம். 55 பாகைக் கோணமுள்ள அங்குல மரை என்றால் பழைய பிரிட்டிஷ் முறையான விட்வொர்த் அளவு. லேத் பட்டறையில் இருக்கும் கேஜை வைத்தால் தெரிந்துவிடும். ஆனால் அது இந்தியாவில் மெட்ரிக் சட்டம் வந்த 1956-க்குப் பிறகும் வெகுகாலம் ஓடியது என்பதால், அதை மட்டும் நம்பி ஆண்டு சொல்ல முடியாது.

பெயரே இல்லாத இரும்பும் உண்டு. தோட்டங்கள் வருவதற்கு முன்பிருந்தே இந்த மலையில் விவசாயம் செய்த படகர்களுக்குக் கொத்தும் அரிவாளும் கோடரியும் அடித்துக் கொடுத்தவர்கள் கோத்தர்கள். கையால் அடித்த கருவியில் தடிப்பு ஒரே சீராக இருக்காது. காம்பு நுழையும் காதில், இரும்பை மடித்து ஒட்டிய கோடு தெரியும். இங்கிலாந்திலிருந்து வந்த மண்வெட்டி சீராக இருக்கும். முதலை போன்ற சின்னம் குத்தியிருப்பதும் உண்டு. என்னைக் கேட்டால், மார்ஷல் சக்கரத்தைவிடக் கோத்தர் கொத்துதான் அரிய பொருள். சக்கரத்தைச் செய்தவர்களுக்கு விலைப்பட்டியல் இருந்தது, படங்கள் இருந்தன. கொத்துக்கு அந்தக் கொத்து மட்டுமே சாட்சி.

தேவாலா, பந்தலூர்ப் பக்கம் கனத்த வார்ப்பிரும்புக் கட்டிகள் கிடைத்தால் விவசாயத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். 1880-ஐ ஒட்டி அங்கே தங்க வெறி பிடித்தது; லண்டனில் பங்குகள் விற்றுக் கம்பெனிகள் முளைத்தன. பாறையை இடித்துத் தூளாக்கும் இயந்திரங்கள் காட்டுக்குள் வந்து சேர்ந்தன. போட்ட பணத்துக்கேற்ற தங்கம் வரவில்லை, சில ஆண்டுகளில் கம்பெனிகள் கவிழ்ந்தன, இரும்பு அங்கேயே கிடந்தது.

கிடைத்ததும் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் வேலை, அதுவே பெரிய கெடுதலும்கூட. நீலகிரியின் ஈரமான புளிப்பு மண்ணில் வார்ப்பிரும்பு நெடுநாள் கிடந்தால் அதிலுள்ள இரும்பு கரைந்து, கிராஃபைட்டும் துருவும் மட்டும் பழைய வடிவத்திலேயே எஞ்சி நிற்கும். எழுத்துகூட அப்படியே தெரியும், தேய்த்தால் உதிர்ந்துவிடும். நிழலில் உலர்த்தி, மென்மையான பிரஷ்ஷால் மண்ணைத் தட்டி, பக்கவாட்டில் டார்ச் அடித்து, அருகே ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கூடவே நாணயமோ நகையோ வந்தால், மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் 1819-இல் அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய பங்களா போன்ற நினைவிடங்களின் பக்கம் மண்வெட்டியோடு போகவே போகாதீர்கள்; இதெல்லாம் சொந்த நிலத்தில் தற்செயலாகக் கிடைப்பவற்றுக்கு மட்டும்.

எல்லாவற்றையும் வீட்டில் அடுக்கிவைக்க யாராலும் முடியாது. எழுத்துள்ள துண்டையும், கையால் அடித்த கருவியையும் மட்டுமாவது எடைக்குப் போடாதீர்கள்.