கேள்வியை அவர்களே எழுதட்டும்

சமூகவியல் இளங்கலை மாணவர்களைக் கண்ணகி நகருக்கு அழைத்துப் போகும்போது, தயாரான கேள்வித்தாளை நான் கொடுப்பதில்லை. 2000ஆம் ஆண்டிலிருந்து சென்னையின் ஆற்றங்கரைகளிலும் மற்ற இடங்களிலும் இருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள், துரைப்பாக்கம் பக்கம் குடியமர்த்தப்பட்ட இடம் அது. எதைக் கேட்பது என்று அங்குள்ள பெண்களும் மாணவர்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்.

"சம்பளம் அப்புறம் கேளு கண்ணு. பஸ்லயே எவ்ளோ நேரம் போகுதுன்னு மொதல்ல கேளு" என்றார், மயிலாப்பூரில் வீட்டு வேலை செய்யும் ஓர் அக்கா.

அந்த ஒரு கேள்வியில் ஆய்வே திசை மாறியது. விடியுமுன் சமையல், நிறுத்தத்தில் காத்திருப்பு, பயணம், இரண்டு வீட்டு வேலை, மறுபடி பயணம்: பெண்கள் அவரவர் நாளை அவரவரே சார்ட் தாளில் வரைந்தார்கள். நகரத்தின் விளிம்புக்கு வீட்டை மாற்றினால் பிழைப்பு எவ்வளவு தள்ளிப்போகிறது என்பது மாணவர்களுக்கு அதில்தான் பிடிபட்டது. அறிக்கை கல்லூரிக்குப் போகுமுன் அங்கேதான் முதலில் வாசிக்கப்படும். அதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.