ஒரு மொழியும் பல வரிமொழிமாற்றிகளும்

பைதன் என்பது மொழி. அதனை இயக்கும் வரிமொழிமாற்றிகளோ பல. 2005இல் வெளிவந்த ஜாங்கோ என்னும் வலைச்சட்டகம் பைதனிலேயே எழுதப்பட்டதாதலின், வழக்கமான சீபைதனில் மட்டுமன்றிப் பைபையிலும் இயங்கும். பதிகம் ஒன்றாயின் ஓதுவார் வேறாகலாமன்றோ? பைபை, அடிக்கடி நிகழும் பகுதிகளை இயங்கும்போதே இயந்திரக் குறியாக்கி விரைவு தரும்.

எனினும் இடர்கள் உள. சீபைதனின் உள்ளமைப்பைச் சார்ந்த தரவுத்தள இணைப்பிகள் பிறவற்றில் தடைப்படலாம். எவரும் சுட்டாத கோப்பைச் சீபைதன் உடனே மூடும். பைபை தாமதித்தே மூடும். யாவா மேடையில் இயங்கும் ஜைதன் 2.7, பைதன் 2க்கு உரியது. 2017இல் வந்த ஜாங்கோ 2.0 பைதன் 3ஐ மட்டுமே ஏற்றமையால் அவ்வழி அடைபட்டது.

ஆதலின், பன்வில மாணவர் பாடசாலைக்கென வலைத்தளம் அமைப்பினும், கோப்புகளைத் தாமே மூடுக. மொழியின் விதியைப் பற்றுக. ஒரு வரிமொழிமாற்றியின் வழக்கத்தை விதியென மயங்கற்க.