கையெழுத்துப் போட யாருக்கு உரிமை?

பாலியல் வன்முறையால் கருவுற்ற 14 வயதுச் சிறுமி அவள். மும்பை உயர் நீதிமன்றம் கைவிரித்ததும் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கருவுக்கு ஏறக்குறைய 30 வாரம். 2024 ஏப்ரல் 22-ல் கருக்கலைப்புக்கு அனுமதி கிடைத்தது. 29-ம் தேதி அதே நீதிமன்றம் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. மகளின் உடல்நிலையை எண்ணிப் பயந்த பெற்றோர் மனம் மாறியிருந்தார்கள். சிறுமியின் விருப்பமும் அதுவே என்று தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. ஒரு வாரத்துக்குள் 14 வயது மனம் தானாக மாறியதா, வீட்டில் மாற்றப்பட்டதா? தீர்ப்பைப் படித்து அதைத் தெரிந்துகொள்ள முடியாது.

ஆனால் அதே தீர்ப்பு ஒரு கதவையும் திறந்துவிட்டது. பாதுகாவலர் ஒன்று சொல்லி, சிறுமி வேறொன்று சொன்னால், அவளுடைய கருத்தை நீதிமன்றம் முக்கியமாகக் கணக்கில் எடுக்க வேண்டும். 1971-ம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்தில் இதற்கு இடமில்லை. 18 வயது ஆகாதவளுக்குப் பாதுகாவலரின் எழுத்துபூர்வ சம்மதமே போதும்.

மற்ற சட்டங்களிலும் குழப்பம்தான். 12 வயதுக்கு உட்பட்டவர் தரும் சம்மதம் பொதுவாகச் செல்லாது என்றது 1860-ன் தண்டனைச் சட்டம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த நியாய சன்ஹிதாவிலும் அந்த 12 அப்படியே இருக்கிறது. அப்படியானால் 13 வயதுப் பையன் தன் சிகிச்சைக்குத் தலையாட்டினால் அது செல்லுமா? மருத்துவமனைகள் இந்த வம்பில் மாட்டிக்கொள்வதில்லை. அவசர சிகிச்சை தவிர மற்றதற்கு அப்பாவைக் கூட்டிவரச் சொல்லிவிடுகின்றன. பெற்றோருக்குத் தெரியாமல் வந்தாலும், விஷயத்தை முழுதாகப் புரிந்துகொள்ளும் 16 வயதுக்குட்பட்டவரின் சம்மதம் செல்லும் என்று பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1985-லேயே தீர்ப்பளித்தது. இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை.

அரசின் இரண்டு கைகளும் இரண்டு திசையில் இழுப்பதுதான் வேடிக்கை. 10 முதல் 19 வயதுவரை உள்ளவர்கள் தயங்காமல் ஆலோசனைக்கு வரட்டும் என்று 2014-ல் வளரிளம் பருவத்தினருக்கான தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. 2012-ன் போக்சோ சட்டமோ, 18 வயதுக்கு உட்பட்டவரின் உடலுறவு பற்றித் தெரியவந்தால் டாக்டர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது; மறைத்தால் சிறைகூட நேரலாம். காதலித்தவனின் பேர் போலீசுக்குப் போகும் என்று பயப்படும் பெண் நல்ல டாக்டரிடம் போவாளா?

இந்த முடிச்சை உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29-ல் ஓரளவு தளர்த்தியது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரைப் போலீசிடம் டாக்டர் சொல்ல வேண்டியதில்லை. அதற்கும் அவளோடு சேர்ந்து பாதுகாவலரும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கருக்கலைப்புக்கான சம்மதப் படிவத்தில் பாதுகாவலர் தன் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்திடுகிறார். சிறுமிக்கென்று அதில் இருப்பது பெயர் எழுத ஒரு கோடு. அதை நிரப்புவதும் அவரே.