வெளிநாட்டு உறைவிடப் பள்ளியில் உதவிநிதி: தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் வழி உண்டு

லெம்பா பெர்த்தாம், ரிங்லெட், ஹாபு வட்டாரத்தில் வெளிநாட்டு உறைவிடப் பள்ளி என்ற பேச்சு எழுந்தால், பெரும்பாலும் கட்டணத்தைப் பார்த்ததுமே அது முடிந்துவிடும். அமெரிக்காவில் பெயர் பெற்ற தனியார் உறைவிடப் பள்ளிகளின் ஓராண்டுக் கட்டணம் 60,000 டாலரைத் தாண்டுகிறது. இங்கே தாயும் தந்தையும் குறைந்தபட்சச் சம்பளமான மாதம் 1,700 ரிங்கிட் வாங்கினால், இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 40,800 ரிங்கிட்தான் வரும்.

ஆனால் பள்ளி அறிவிக்கும் கட்டணமும் ஒரு குடும்பம் உண்மையில் கட்ட வேண்டிய தொகையும் ஒன்றல்ல. பல பள்ளிகள் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கின்றன. சில இடங்களில் முழுவதையும் தாங்களே ஏற்கின்றன. அந்த உதவியை யாரிடம், எப்போது, எப்படிக் கேட்பது என்று தெரியாததால்தான் பல குடும்பங்கள் விண்ணப்பமே செய்வதில்லை.

கேமரன் மலைக்கு உறைவிடப் பள்ளி புதிதல்ல. சிங்கப்பூரில் டாங்ளின் பள்ளியை நடத்திய ஆன் கிரிஃபித்-ஜோன்ஸ், 1934-இல் இந்த மலையிலும் ஓர் உறைவிடப் பள்ளியைத் திறந்தார். அது பிரிட்டிஷ் குடும்பங்களின் பிள்ளைகளுக்கானது, கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளுக்கானது அல்ல. இன்று அந்த வேலி இல்லை. ஆனால் விண்ணப்பிக்கும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

உபகாரச் சம்பளமும் உதவிநிதியும் வேறு

முதலில் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வது நல்லது. தேர்ச்சிக்காகவோ விளையாட்டு, இசைத் திறமைக்காகவோ தருவது உபகாரச் சம்பளம். பல தனியார் பள்ளிகளில் அது கட்டணத்தில் ஒரு சிறு பகுதியை மட்டுமே குறைக்கும். நூற்றுக்குப் பத்து குறைந்தாலும் மீதித் தொண்ணூறைக் கட்ட வேண்டும்.

குடும்பத்தின் வருமானத்தை ஆராய்ந்து, கட்ட முடியாத தொகையைப் பள்ளியே ஏற்பது உதவிநிதி. பிரிட்டனில் இதை 'பர்சரி' என்பார்கள். தோட்டக் குடும்பங்கள் தேட வேண்டியது பெரும்பாலும் இதைத்தான். கடனாகத் தருவது மூன்றாவது வகை. அதைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதால் முதல் இரண்டோடு சேர்த்து எண்ணக்கூடாது.

யுனைடெட் வேர்ல்ட் காலேஜ்

மலேசிய மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் யுடபிள்யுசி எனப்படும் யுனைடெட் வேர்ல்ட் காலேஜ். வேல்ஸ் நாட்டில் 1962-இல் அட்லாண்டிக் காலேஜுடன் தொடங்கிய இந்த இயக்கத்துக்கு இன்று உலகம் முழுவதும் 18 பள்ளிகள் உள்ளன. சிங்கப்பூர், தாய்லாந்து, ஜப்பான், நார்வே, கனடா போன்ற நாடுகளில் அவை இயங்குகின்றன. இந்தியாவில் பூனே அருகே மஹிந்திரா காலேஜ் 1997 முதல் நடக்கிறது.

இங்கே பதினாறு, பதினேழு வயதில் சேரும் மாணவர்கள் விடுதியில் தங்கி, இரண்டாண்டு ஐபி டிப்ளோமா படிக்கிறார்கள். மாணவர்களைத் தேர்ந்தெடுப்பது ஒவ்வொரு நாட்டிலும் உள்ள தேசியக் குழு. மலேசியாவுக்கும் அப்படி ஒரு குழு உண்டு. தேசியக் குழுக்கள் வழியாகச் செல்பவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் முழு உதவியோ பகுதி உதவியோ பெறுவதாக யுடபிள்யுசி கூறுகிறது.

கவனிக்க வேண்டிய ஒன்று: 'குளோபல் செலக்‌ஷன் புரோகிராம்' என்று வேறொரு விண்ணப்ப வழியும் இருக்கிறது. அது முக்கியமாகக் கட்டணத்தைத் தாங்களே கட்டக்கூடிய குடும்பங்களுக்கானது. உதவி தேவைப்படுவோர் தேசியக் குழு வழியாகவே போக வேண்டும்.

தேர்வில் மதிப்பெண் மட்டும் பேசாது. பொறுப்புணர்வு, பிறரோடு பழகும் தன்மை, சமூகத்துக்குச் செய்த வேலை ஆகியவற்றையும் பார்ப்பார்கள். கோயில் திருவிழாவில் தொண்டு செய்தது, தம்பி தங்கைகளைக் கவனித்துக்கொண்டே படித்தது, பாட்டிக்குக் கிளினிக்கில் மலாயிலிருந்து மொழிபெயர்த்தது எல்லாம் சொல்லத் தகுந்தவை. பலர் 'இதெல்லாம் ஒரு விஷயமா?' என்று எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

இப்பள்ளிகளில் படித்து முடிப்பவர்களுக்கு 2000-இல் தொடங்கிய டேவிஸ் திட்டம் அடுத்த படியாக அமைகிறது. அத்திட்டத்தில் இணைந்துள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்தால், அங்கும் தேவைக்கேற்ற உதவி கிடைக்க வாய்ப்புண்டு.

பக்கத்து நாட்டு வாய்ப்பு

சிங்கப்பூர் கல்வி அமைச்சு மலேசிய மாணவர்களுக்கு ஆசியான் உபகாரச் சம்பளம் வழங்குகிறது. இது தனியார் பள்ளி உதவி அல்ல. ஆனால் விடுதியில் தங்கிப் படிக்கும் வாய்ப்பு என்பதால் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டியது. இடைநிலை மட்டத்திலும் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மட்டத்திலும் இது உண்டு. பள்ளிக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதி, ஆண்டுப் படித்தொகை, விமானச் செலவு ஆகியவை இதில் அடங்கும். தேர்வுக்கு ஆங்கிலமும் கணிதமும் பலமாக இருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஆங்கில வாசிப்பை முதல் படிவத்திலேயே கூட்டுவது இதனால்தான் முக்கியம்.

அமெரிக்காவும் பிரிட்டனும்

அமெரிக்காவில் 1778-இல் தொடங்கிய பிலிப்ஸ் அகாடமி போன்ற ஒருசில பள்ளிகள், குடும்பத்தால் கட்ட முடியுமா என்று பாராமலே மாணவரைத் தேர்ந்தெடுக்கும் கொள்கை உடையவை. எல்லாப் பள்ளிகளும் அப்படியல்ல. பல பள்ளிகள் வெளிநாட்டு மாணவர்களுக்கென ஒரு குறிப்பிட்ட தொகையையே ஒதுக்குகின்றன. அதனால் உதவி கேட்பவர்களுக்கிடையே போட்டி கடுமையாக இருக்கும். பிரிட்டனில் பல பள்ளிகளின் 'பர்சரி' அந்நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டுமே.

அமெரிக்கப் பள்ளிகளில் விண்ணப்பம் பெரும்பாலும் ஜனவரி நடுப்பகுதியிலிருந்து பிப்ரவரி தொடக்கத்துக்குள் முடிந்துவிடும். பல பள்ளிகள் மார்ச் 10-இல் முடிவை அறிவிக்கின்றன. உதவிநிதிக்கான பாரத்தையும் சேர்க்கை விண்ணப்பத்தோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். 'முதலில் இடம் கிடைக்கட்டும், பிறகு கேட்கலாம்' என்று இருந்துவிட்டால், வெளிநாட்டு மாணவருக்குப் பிறகு உதவி கிடைப்பது அரிது.

என்னென்ன ஆவணங்கள்?

வருமானத்தை நிரூபிப்பதுதான் தோட்டக் குடும்பங்களுக்குச் சிரமமான வேலை. கீழ்க்கண்டவற்றை ஒரு கோப்பில் சேர்த்துவைப்பது நல்லது:

• பெற்றோர் இருவரின் சம்பளச் சீட்டுகள். கொழுந்து எடைக்கேற்பச் சம்பளம் மாறும் என்பதால் ஒரு மாதச் சீட்டு போதாது, ஓராண்டுச் சீட்டுகள் வேண்டும்.
• இஏ பாரம், இபிஎஃப் அறிக்கை, எஸ்டிஆர் உதவித்தொகை பெறுவதற்கான ஒப்புதல்.
• குடியிருப்பது தோட்ட வீடு, சொந்த வீடு இல்லை என்பதற்குத் தோட்ட அலுவலகத்தின் கடிதம். கிராணியிடம் முன்கூட்டியே கேட்டால் நேரம் மிச்சம்.
• காய்கறித் தோட்ட வேலை, பகுதி நேர வேலை போன்ற சீட்டு இல்லாத வருமானம் இருந்தால் அதைப் பற்றிய எழுத்து விளக்கம். மறைத்தால் பின்னால் உதவியே ரத்தாகலாம்.
• வீட்டில் எத்தனை பேர், யாருக்கு நோய், எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதைச் சொல்லும் கடிதம்.
• கடந்த மூன்றாண்டு பள்ளித் தேர்ச்சி அறிக்கைகள், இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரை.

மலாய் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படும். பிள்ளையின் பிறப்புப் பத்திரம், மைகாட் ஆகியவற்றில் சிக்கல் இருந்தால் அதை முதலில் தேசியப் பதிவு இலாகாவில் தீர்க்க வேண்டும். குடியுரிமை உறுதியாகாத பிள்ளைக்கு மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. கடப்பிதழ் இல்லாமல் எந்த உதவிநிதியும் பயன்படாது.

'முழு உதவி' என்றால் எவ்வளவு?

இடம் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பள்ளியிடம் ஒரு கேள்வியை எழுத்து வடிவில் கேட்க வேண்டும்: 'எல்லாம் சேர்த்து, எங்கள் குடும்பம் ஆண்டுக்கு எவ்வளவு கட்ட வேண்டும்?'

விமான டிக்கெட், விசா, மருத்துவக் காப்புறுதி, குளிர்கால உடை, மடிக்கணினி, கைச்செலவு, விடுமுறையில் விடுதி மூடினால் தங்குமிடம் ஆகியவை உதவியில் அடங்குமா என்று தனித்தனியே கேட்க வேண்டும். உதவி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுமா, மதிப்பெண் குறைந்தால் நிற்குமா என்பதும் தெரிய வேண்டும். பதில் கட்டுப்படியாகாவிட்டால் மறுப்பதில் வெட்கமில்லை. பாதியில் பிள்ளையைத் திரும்ப அழைப்பதைவிட அது நல்லது.

'உபகாரச் சம்பளம் உறுதி' என்று சொல்லி முன்பணம் கேட்கும் ஏஜெண்டுகளிடமும் கவனம் தேவை. தேர்வு முடிவைப் பள்ளியோ தேசியக் குழுவோதான் எடுக்கும். விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியாத குடும்பங்களுக்குப் பல பள்ளிகள் அதைத் தள்ளுபடியும் செய்கின்றன.

எப்போது தொடங்குவது?

எஸ்பிஎம் முடிவு வரும்வரை காத்திருந்தால் பல கதவுகள் மூடியிருக்கும். பிடி3 தேர்வு நீக்கப்பட்ட பிறகு, ஐந்தாம் படிவத்துக்கு முன் காட்டக்கூடிய பெரிய அரசாங்கத் தேர்வு எதுவும் இல்லை. ஆகவே பள்ளித் தேர்ச்சி அறிக்கையும் ஆசிரியர் சொல்லும் வார்த்தையுமே பேசும். மூன்றாம் படிவத்தில் பள்ளிகளைத் தேடிப் பட்டியலிடலாம். நான்காம் படிவத்தில் ஆவணங்களைச் சேர்த்து, ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகலாம். ஐந்தாம் படிவம் தொடங்கியதும் விண்ணப்பத் தேதிகளைப் பள்ளியின் அல்லது தேசியக் குழுவின் அதிகாரப்பூர்வ அறிவிப்பில் மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

விண்ணப்பிக்கும் எல்லாருக்கும் இடம் கிடைக்காது. ஆனால் சேர்த்துவைத்த அதே கோப்பு உள்நாட்டுத் தனியார் கல்லூரிக்கும், அறவாரிய உபகாரச் சம்பளத்துக்கும், பிறகு பல்கலைக்கழகத்துக்கும் உதவும். பிள்ளை மூன்றாம் படிவத்தில் இருந்தால், அந்தக் கோப்பை இந்த ஆண்டே தொடங்கலாம்.